எடைமேடைச் சீட்டு: சேலத்துக் குடும்பம் ஒன்று பழைய கேரவன் வாங்கிய நிகழ்வு ஆய்வு

சென்ற மார்கழியில் ஒரு காலை, செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் என்னைத் தேடி வந்தார். பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு வண்டியைப் பார்த்துச் சொல்வது 18 ஆண்டுகளாக என் தொழில். அதற்கு முன் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை. "அண்ணா, கேரவன் ஒன்று வாங்க வேண்டும். அம்மாவை அழைத்துக்கொண்டு எங்கேயும் போக முடியவில்லை" என்றார். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டியைத்தான் சொன்னார்.

அவருடைய தாயாருக்கு வயது 71. இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. தரையோடு பதித்த கழிப்பறையில் அவரால் உட்கார முடியாது. அதற்கு முந்தைய கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போனபோது, வழியில் இறங்க நேர்ந்துவிடுமே என்று அந்த அம்மா காலையிலிருந்து மாலை வரை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. திரும்பி வந்து நான்கு நாள் சிறுநீர்த் தொற்றோடு படுத்திருந்தார். இதைச் சொல்லும்போது மகனின் குரல் கம்மியது. இந்த வேலையை நான் வேறு எந்த வேலையையும்விடக் கவனமாகச் செய்ததற்கு அந்தக் குரல்தான் காரணம்.

குடும்பத்தில் ஐந்து பேர்: அவர், பள்ளி ஆசிரியையான மனைவி, 12 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பெண் குழந்தைகள், அம்மா. கையில் இருந்தது 14 லட்சம் ரூபாய், பழுதுச் செலவும் அதற்குள். முதல் சந்திப்பில் வண்டியைப் பற்றி நான் பேசவே இல்லை. ஆண்டுக்கு எத்தனை இரவு வெளியே தங்குவீர்கள், யார் எங்கே படுப்பார்கள், மற்ற நாட்களில் வண்டி எங்கே நிற்கும் என்று மூன்று கேள்விகளைக் கொடுத்து எழுதி வரச் சொன்னேன். மூன்றாவது கேள்விதான் அவர்களைத் திணறடித்தது. செவ்வாய்ப்பேட்டைத் தெருவில் ஒரு மினி லாரி நுழைந்தாலே மறுபக்கம் சைக்கிள் நிற்கும். கடைசியில், கோரிமேட்டில் மனைவியின் அண்ணன் வீட்டுத் தகரக் கொட்டகை கிடைத்தது: நீளம் 22 அடி, வாசல் உயரம் ஒன்பதரை அடி. அந்த இரண்டு அளவையும் என் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். அடுத்த இரண்டு மாதத்தில் விசாரித்த பாதி வண்டிகளை அந்த ஒன்பதரை அடியே கழித்துவிட்டது.

முதல் வண்டி: படப்பிடிப்புக் கேரவன்

நம் ஊரில் கேரவன் என்றால் நடிகர்கள் உட்காரும் வண்டி என்றுதான் பொருள். ஏற்காடு சாலையில் பழைய சினிமா ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவைத் தினமும் கடந்துபோகிற ஊர்க்காரர்களுக்கு அது இயல்புதான். ஆகவே தரகர்கள் முதலில் கொண்டுவந்து காட்டியதும் படப்பிடிப்புக்கு ஓடி ஓய்ந்த ஒரு வண்டியை. கொண்டலாம்பட்டி பைபாஸ் ஓரம் ஒரு யார்டில் நின்றிருந்தது.

அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே சுவர் முழுக்கக் கண்ணாடி, மூன்று தனி அறை, இரண்டு பெரிய ஏ.சி., பின்னால் ஜெனரேட்டர். ஐந்து பேர் படுக்க இடம் இல்லை. உயரம் பத்தரை அடி. ஆர்.சி.யில் வண்டி வகை இன்னும் பயணிகள் பஸ் என்றே இருந்தது. உள்ளே இருக்கைகளை எடுத்துவிட்டு அறை கட்டியது எங்கும் பதிவாகவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. அப்படி ஒரு வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் விரல் வைக்கும் இடம் இதுதான். கால் மணி நேரத்தில் கிளம்பிவிட்டோம்.

நாகலூர்த் தோட்டத்து டிரெய்லர்

இரண்டாவது வண்டியை விட்டு வர மனமே வரவில்லை. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டம். மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, காரின் பின்னால் மாட்டி இழுக்கும் கேரவன் டிரெய்லர் ஒன்று நின்றது. 14 அடி நீளம், ஒற்றை அச்சு, வெளிர்பச்சை வண்ணம், ஜன்னலில் பூப்போட்ட திரை. கரூரில் சொல்லிக் கட்டியதாம். விலை நாலரை லட்சம். சின்னப் பெண் உள்ளே ஓடிப்போய் மேல் படுக்கையில் ஏறிப் படுத்துக்கொண்டாள். அப்பாவும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கதவைத் திறந்ததும் எனக்கு மூக்கில் பட்டது வாசனை. நனைந்த துணியை டிரங்குப் பெட்டியில் வைத்து மூடி ஒரு வாரம் கழித்துத் திறந்தால் வருமே, அது. ஏற்காட்டில் மழை நின்றாலும் மூடுபனி நிற்பதில்லை. மரச்சட்டமும் பிளைவுட்டும் கொண்ட கேரவனுக்கு ஈரம்தான் எமன். ஜன்னலின் கீழ் மூலையில் கட்டைவிரலால் அழுத்தினேன். வண்ணப் பூச்சு முழுதாக இருந்தது. உள்ளே பலகை ஊறிய அப்பளம்போல அமுங்கி, விரலை எடுத்த பிறகும் குழியாகவே நின்றது. ஈரப்பதமானியை வைத்தபோது அந்த இடத்தில் 31 சதவீதம், கூரை விளிம்பில் 28, நடுச்சுவரில் 12. கேரவன்கள் பெருவாரியாகப் புழங்கும் பிரிட்டனில் 15-க்குக் கீழ் இருந்தால் நலம், 20-ஐத் தாண்டினால் ரிப்பேர், 30-ஐத் தொட்டால் சட்டமே அழுகத் தொடங்கியிருக்கும் என்பது நடைமுறைக் கணக்கு. கரூரில் கட்டிய மரத்துக்கும் அதே கணக்குதான். பெரியவளைத் தரையில் மெல்லக் குதிக்கச் சொன்னேன். கதவருகே தரை அவளோடு சேர்ந்து குதித்தது. பிளைவுட் அடுக்குகள் பசை விட்டுப் பிரிந்துவிட்டன.

டயர்களைக் காட்டி, "புத்தம் புதுசு, ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை" என்றார் தோட்டத்து மேலாளர். அவர் சொன்னது உண்மைதான். டயரின் பட்டன் தேயாமல் முழுதாக இருந்தது. பக்கவாட்டில் பதித்திருந்த நான்கு இலக்கம் 1914. அதாவது 2014-ஆம் ஆண்டின் 19-வது வாரத்தில் செய்த டயர். ஓடாமல் ஒரே இடத்தில் பாரம் தாங்கி நின்ற டயர், ஓடிய டயரைவிட மோசமாக வெடிப்பு விடும். ஓரத்தை வளைத்துப் பார்த்தபோது முடியளவு கோடுகள் வரிசையாக வாய் திறந்தன.

அடுத்தது பிரேக். இந்த வகை டிரெய்லருக்குக் காரின் பிரேக்கோடு இணைப்பு கிடையாது. கார் வேகம் குறையும்போது டிரெய்லர் தன் வேகத்தில் முன்னால் தள்ளும். அந்தத் தள்ளலே கொக்கித் தண்டை உள்ளே அழுத்தி, கம்பி வழியாகச் சக்கரப் பிரேக்கைப் பிடிக்கும். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து தள்ளியும் தண்டு அசையவில்லை, துருப்பிடித்து இறுகிவிட்டது. சரிசெய்துவிடலாம்தான். ஆனால் ஏற்காட்டிலிருந்து இறங்கும் 20 கொண்டை ஊசி வளைவிலும் டிரெய்லர் காரைத் தள்ளிக்கொண்டே வரும். பிரேக் பிடித்தபடியே இருக்கும். டிரம் சூடேறிக்கொண்டே போகும். பழகாதவர் குடும்பத்தோடு இறங்குவதற்கு அது தோதான ஏற்பாடு அல்ல.

கொக்கியின் மேல் விழும் பாரத்தையும் பார்த்தேன். குளியலறை எடைக்கருவி ஒன்றைத் தரையில் வைத்து, மரக்கட்டையை நிறுத்தி, கொக்கியை அதன்மேல் இறக்கினேன். 28 கிலோ காட்டியது. மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் கொக்கியில் இருக்க வேண்டும். 900 கிலோ டிரெய்லருக்குக் குறைந்தது 45. குறைந்தால் நெடுஞ்சாலையில் பின்பகுதி பாம்புபோல் ஆடத் தொடங்கும், பிறகு காரையும் சேர்த்து ஆட்டும். பின்சுவரில் யாரோ பிறகு சேர்த்த கடப்பாக்கல் சமையல் மேடை இருந்தது. கல் மேடை! அதுதான் பாரத்தைப் பின்னுக்கு இழுத்திருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் "ரிப்பேர் செய்து எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். செய்யலாம். இரண்டு லட்சத்தில் அதை நல்ல வண்டியாக்கிவிட முடியும் என்றே சொன்னேன். ஆனால் இழுத்துச் செல்லும் கேரவனுக்குள் ஓடும்போது யாரும் உட்காரக் கூடாது. அம்மா காரில்தான் வர வேண்டும். அவசரத்துக்குச் சாலையோரம் இடம் தேடி நிறுத்தி, காரிலிருந்து இறக்கி, டிரெய்லர் படி ஏற்ற வேண்டும். டிரெய்லருக்குத் தனி ஆர்.சி. வேண்டும், இழுக்கும் காரின் எண்ணும் அதன் பின்னால் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அப்புறம். எந்தக் காரணத்துக்காக வாங்க வந்தாரோ அந்தக் காரணமே இதில் அடிபட்டுப்போகிறது. அவர் ரொம்ப நேரம் பேசாமல் காப்பிச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவளை மேல் படுக்கையிலிருந்து இறக்கத்தான் பாடுபட்டோம்.

பெங்களூரு வேன்

மாசியில் மூன்றாவது வண்டி வந்தது. பெங்களூருவில் ஒரு குடும்பம் ஆறு ஆண்டு வைத்திருந்த வேன். நீளம் 20 அடி, உயரம் 9 அடி 2 அங்குலம். கர்நாடக ஆர்.சி.யில் 'கேம்பர் வேன், சொந்த உபயோகம்' என்று ஒழுங்காகப் பதிவாகியிருந்தது. ஆளும் சாமானும் சேர்த்து அனுமதித்த மொத்த எடை 3,800 கிலோ. 7,500 கிலோவரை லைட் மோட்டார் வாகன லைசென்ஸ் போதும் என்பதால் அவருடைய லைசென்ஸே செல்லும். கேட்ட விலை பதிமூன்றரை லட்சம். விற்பவர் தாமே ஓட்டிக்கொண்டு வந்தார். தொப்பூர்க் கணவாயை எந்த கியரில் இறங்கினீர்கள் என்று கேட்டேன். "இரண்டாவதில், லாரிகளுக்குப் பின்னால்" என்றார். வண்டி வைத்திருந்த மனிதரைப் பற்றி அந்தப் பதில் எனக்கு நிறையச் சொன்னது.

அன்று காலை கோரிமேட்டுக் கொட்டகையில் குடும்பம் முழுவதையும் உள்ளே ஏற்றி, இரண்டு மணி நேரம் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். டீ போடுங்கள், படுக்கையை விரியுங்கள், அம்மா கழிப்பறைக்குப் போய் வரட்டும். நான் வெளியே டயர் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாவது நிமிடத்தில் அந்த அம்மாவின் குரல் கேட்டது: "படி உயரமாக இருக்கிறது, இன்னொரு படி வேண்டும். கக்கூஸ் உட்கார வசதிதான், எழுந்திருக்கப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லையே." கதவை மூடிவிட்டால் உள்ளே ஒருவர் திரும்ப முடியும், இருவர் முடியாது. ஆகவே கைப்பிடி அவருடைய வலதுகைப் பக்கம், இருக்கையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் வர வேண்டும் என்று அங்கேயே சாக்பீஸால் குறித்தோம். இந்தக் கூர்மை எந்த மெக்கானிக்குக்கும் வராது.

பிறகு வண்டியை வாட்டர் வாஷ் ஷெட்டுக்குக் கொண்டுபோனோம். ஏ.சி.க்கும் காற்றுப்போக்கிக்கும் கூரையில் ஓட்டை போட்ட இடங்கள்தான் இப்படிப்பட்ட வேனில் ஒழுகும். அலமாரிகளுக்குள்ளும் மெத்தைக்கு மேலும் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டு, 20 நிமிடம் கூரைமேல் தண்ணீர் விடச் சொன்னேன். செய்தித்தாளில் ஒரு சொட்டு விழுந்தாலும் வட்டமாகக் காட்டிக்கொடுத்துவிடும். பின்பக்க அலமாரியில் எட்டணா அளவுக்கு ஒரே ஒரு வட்டம். சீலன்ட் வெடித்திருந்தது, அரை நாள் வேலை.

காஸ் விஷயத்தில் விற்பவரோடு சற்று வாக்குவாதம். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். ஆகவே சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் ஓட்டை இருந்தே ஆக வேண்டும். இருந்தது. ஆனால் பூச்சி வருகிறதென்று டேப் ஒட்டி அடைத்திருந்தார். நானே கிழித்தேன், அந்த இடத்தில் சல்லடைத் தகடு வைத்தோம். ஏ.சி. பற்றி ஆசிரியை கேட்டதற்குக் கணக்காகவே சொன்னேன். 12 வோல்ட், 150 ஆம்பியர் பேட்டரியில் இருப்பது 1,800 வாட் மணி. பழைய ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் போய்விடும். ஒரு டன் ஏ.சி. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட், அதாவது 1,000 வாட் மணி தின்னும். இரண்டு பேட்டரி இருந்தும் இரண்டு மணி நேரம்கூட ஓடாது. இரவு முழுக்க ஏ.சி. வேண்டுமானால் மின் இணைப்பு உள்ள இடத்தில்தான் தங்க வேண்டும். அந்த இணைப்புக்கும் எர்த்தும், மின்கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் அவசியம். இந்த வண்டியில் இரண்டாவது இல்லை, போட்டோம்.

எடைமேடை

கேரவன் வாங்க வருகிறவர் வீட்டைப் பார்க்கிறார். மெத்தை, விளக்கு, அலமாரி. அந்த ஒவ்வொன்றையும் அச்சும் டயரும் பிரேக்கும் சுமப்பது அவர் கண்ணில் படுவதில்லை. அதனால்தான் அட்வான்ஸ் கொடுக்கும் முன் எடைமேடை என்பதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஓமலூர் சாலையில் ஒரு எடைமேடையில் ஆள் இறங்கி, தண்ணீர்த் தொட்டி காலியாக, டீசல் நிரப்பி ஏற்றினோம்: 3,340 கிலோ. மொத்த எடைக்கு இன்னும் 460 பாக்கி என்றதும் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

சீட்டின் பின்பக்கத்திலேயே கூட்டினேன். குடிநீர்த் தொட்டி 120 லிட்டர். லிட்டருக்கு ஒரு கிலோ. ஐந்து பேர் 252. அடுப்பும் சிறிய சிலிண்டரும் 20. துணி, பாத்திரம், அரிசி, நாற்காலி, குழந்தைகளின் சாமான் 110. ஆகமொத்தம் 3,842. விடுமுறைக்குக் கிளம்பும் அன்றே 42 கிலோ அதிகம். சமவெளியில் அது தெரியாமல் போகலாம். 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டிலிருந்து 300 மீட்டருக்குள் இருக்கும் சேலத்துக்கு இறங்கும்போது ஒவ்வொரு கிலோவையும் பிரேக் எண்ணிக்கொண்டே வரும்.

ஆகவே எதைக் கழற்றலாம் என்று பார்த்தோம். கையடக்க ஜெனரேட்டர் 45 கிலோ; அம்மா "அந்தச் சத்தத்தில் யார் தூங்குவது?" என்றார், போயிற்று. இரண்டு ஈய பேட்டரிக்குப் பதில் லித்தியம் பேட்டரி போட்டால் 80 கிலோ மிச்சம். 3,717. எல்லைக்குள் 83 கிலோ. அந்தச் சீட்டை வைத்துத்தான் விலை பேசினேன்: பேட்டரிச் செலவு, ஒழுகல், பிரேக் எண்ணெய், இரண்டு டயர். பதிமூன்றரை கேட்டவர் 11 லட்சத்து 90 ஆயிரத்துக்கு ஒப்புக்கொண்டார். கணக்கைக் கண்முன் போட்டுக் காட்டினால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

பிரேக் எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 எண்ணெய் புதிதாக இருக்கும்போது கொதிநிலை 230 டிகிரிக்குக் குறையாது. ஈரம் ஏறினால் 155 வரை இறங்கலாம். இறக்கத்தில் அது கொதித்து ஆவிக்குமிழி ஆனால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. எப்போதோ ஓடி, பெரும்பாலும் நிற்கும் வண்டியில் இதை மாற்ற யாருக்கும் நினைவு வராது. இந்த வண்டியில் எண்ணெய் பழுப்பாக இருந்தது.

காகித வேலை நீண்டதே தவிரச் சிக்கலாக இல்லை. கடன் தீர்ந்ததற்கு வங்கிக் கடிதமும் படிவம் 35-ம், வேறு மாநிலம் என்பதால் படிவம் 28-ல் ஆட்சேபணையின்மைச் சான்று, பெயர் மாற்றத்துக்கு 29-ம் 30-ம், இங்கே சாலை வரி, புதிய எண். இன்சூரன்ஸைத் தன் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதைத்தான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள். இவர் மூன்றாம் நாளே கொடுத்தார்.

முதல் பயணமும் நான் தவறவிட்டதும்

வாங்கும் முன் அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறி இறங்கிப் பார்த்தோம். ஏறிய கியரிலேயே இறங்குவது, மேலே ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிடுவது, வளைவில் பின்பகுதி எவ்வளவு வெளியே வீசுகிறது என்பதைக் கண்ணாடியில் கவனிப்பது என எல்லாவற்றையும் அவரை ஓட்டவைத்தே சொல்லிக்கொடுத்தேன். வண்டி ஒரு குறையும் காட்டவில்லை.

சித்திரையில் குடும்பம் முதன்முதலாக ஏற்காட்டுக்கே போனது. ஒன்பதாவது வளைவில் பின்னால் தரையில் உரசும் சத்தம். கழிவுநீர்த் தொட்டியின் மூலை தார்ச்சாலையில் தேய்ந்து கீறல் விட்டது. போனில் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. நான் ஏற்றிப் பார்த்தது இரண்டு பேரோடு, காலித் தொட்டியோடு. குடிநீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி இரண்டும் பின் அச்சுக்கும் பின்னால் இருந்தன. அங்கே வைக்கும் பாரம் நெம்புகோல்போல வேலை செய்யும். தன் எடையைவிட அதிகமாகப் பின் அச்சை அழுத்தி, முன்சக்கரத்தைத் தூக்கும். மொத்த எடையைத் தாளில் சரியாகக் கூட்டிய நான், அது எந்த இடத்தில் உட்காருகிறது என்பதை மலையில் சோதிக்கவில்லை. தண்ணீர் நிரப்பி, ஐந்து பேரை ஏற்றித்தான் அந்த ஓட்டம் நடந்திருக்க வேண்டும். அதை அவரிடம் அப்படியே சொன்னேன். வேலைக்குக் கூலி வாங்கவில்லை.

கழிவுநீர்த் தொட்டியை இரண்டு அச்சுகளுக்கும் நடுவே சேஸிஸ் ஓரம் மாற்றிக் கட்டினோம். குடிநீரை மலை ஏறும்போது பாதியளவு மட்டும் வைத்து, மேலே போய் நிரப்பிக்கொள்வது என்று முடிவாயிற்று. மறுபடி எடைமேடை. இம்முறை எல்லோரும் உள்ளே, எல்லாச் சாமானோடும். முதலில் முழு வண்டி, பிறகு பின்சக்கரம் மட்டும் மேடையில். இரண்டு எண்ணும் சேஸிஸ் தகட்டில் அடித்திருந்த எல்லைக்குள் வந்தன.

இப்போது அந்த வண்டியில் பதினோரு இரவுகள் ஆகிவிட்டன. ஒகேனக்கல், ராமேஸ்வரம், மறுபடி ஏற்காடு. சமையல் அலமாரிக் கதவின் உட்புறம் இரண்டாவது எடைமேடைச் சீட்டை ஒட்டி வைத்திருக்கிறார்கள். புதிதாக எந்தச் சாமான் உள்ளே வந்தாலும் பெரியவள் அதைத் தராசில் வைத்து அந்தச் சீட்டின் கீழே எழுதிவிடுகிறாள். போன வாரம் நான் பார்த்தபோது கடைசி வரி: "பாட்டியின் வெந்நீர் பிளாஸ்க், ஒன்றே கால் கிலோ."